காரைக்குடி முதல் தொண்டி வரை: துருவும் கொட்டலசும் கப்பலும்

பிப்ரவரி 5, வியாழன் – காரைக்குடி

தை முடிய இன்னும் ஒரு வாரம். காலை ஆறு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் நிறுத்தியிருந்த பைக்குகளின் டேங்க் மேலெல்லாம் பனி பூத்திருந்தது. ஆட்டோக்காரர்கள் முன்கண்ணாடியைத் துடைப்பதும் துணியைப் பிழிவதுமாக இருந்தார்கள். வெப்பம் 22 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றது கைபேசி.

கப்பல் கட்டும் தளத்தில் பெயிண்ட் மேற்பார்வை பார்ப்பவருக்கு இந்த இரண்டு எண்கள் போதும். காலை ஷிப்டில் வேலை கிடையாது என்று சொல்லிவிடுவார். அந்த வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு, 20.3 டிகிரி. இரும்புத் தகட்டின் சூடு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரவு முழுக்க வெட்டவெளியில் கிடந்த தகடு காற்றைவிடவும் குளிர்ந்திருக்கும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கும்போதே எப்பாக்ஸி என்ற பிசின் பெயிண்ட் அடித்தால் அது பிடிக்காது. பிடித்த மாதிரி தெரிந்தாலும் தண்ணீரில் இறங்கியபின் கொப்புளம் கட்டும். மதியம் இதே ஊரில் 32 டிகிரி, 45 சதவீதம் ஆகும்போது பனிநிலை 18.6-க்கு இறங்கிவிடும். அப்போது தாராளமாக அடிக்கலாம். ஆனால் நேர்வெயிலில் காயும் தகடு 50 டிகிரியைத் தாண்டினால் வேறு தொல்லை: கரைப்பான் சட்டென்று பறந்து, பெயிண்ட் தூளாகப் படியும், ஊசித்துளைகள் விழும். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் திறந்தவெளியில் நல்ல பெயிண்ட் அடிக்க ஒரு நாளில் கிடைப்பது சில மணி நேரந்தான்.

கப்பலைப் பற்றி எழுத வந்துவிட்டுக் காரைக்குடியில் என்ன வேலை என்றால், காரணம் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். ஊரார் வாயில் சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் நாட்டுக்கு அர்ப்பணித்தார். துருவும் மின்கலமும் இங்கே ஆரம்பகாலத்திலிருந்தே ஆராயும் பொருள்கள். கடல்காற்றில் இரும்பு எப்படித் தேய்கிறது என்று பார்க்க மண்டபம் முகாமில் தனியாக ஒரு களமும் வைத்திருக்கிறார்கள்.

கப்பல் தொழிலின் எதிர்காலம் என்று பத்திரிகைகளில் வருவதெல்லாம் மெத்தனால், அம்மோனியா, ஆளில்லாக் கப்பல். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இன்று ஓடுகிற கப்பலில் எண்ணெயைத் தின்பதும் ஆயுளைக் குறைப்பதும் தண்ணீருக்குக் கீழே இருக்கும் அந்த மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத பூச்சின் நிலைமைதான். அதைச் சரியாகச் செய்வதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

நிறுவனத்துக்கு எதிரில் டீ 15 ரூபாய். பக்கத்து பெஞ்சில் ஓய்வுபெற்ற டெக்னீஷியன் ஒருவர். துரு என்ற சொல் காதில் விழுந்ததும் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பெயிண்டுல ஒண்ணுமில்ல சார். அடிக்கிறதுக்கு முந்தி என்ன செஞ்சீங்கங்கிறதுதான். எங்ககிட்ட வர்ற சாம்பிள்ல பாதிக்கு மேல தகட்டுலயே தப்பு."

அவர் சொன்னதைத்தான் உலகக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 2006 டிசம்பரில் விதியாகவே எழுதியது. கப்பலின் பாலாஸ்ட் தொட்டிகள், அதாவது சரக்கில்லாதபோது சமநிலைக்காகக் கடல்நீர் ஏற்றும் அறைகள், அவற்றின் பூச்சு 15 ஆண்டு தாங்கும்படி இருக்க வேண்டும் என்பது குறிக்கோள். அதற்கு வேண்டியவை இவை. தகட்டை மணல்வீச்சில் எஸ்ஏ 2½ தரத்துக்கு, அதாவது துருவும் பழைய பூச்சும் ஏறக்குறைய முழுக்கப் போகும் அளவுக்கு, வெளுக்க வேண்டும். சொரசொரப்பு 30 முதல் 75 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). வெட்டிய விளிம்புகளை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்ட வேண்டும், அல்லது மூன்று முறை கிரைண்டர் ஓட்ட வேண்டும். கரையும் உப்பு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. காய்ந்த எப்பாக்ஸியின் கனம் 320 மைக்ரான். அளந்த இடங்களில் பத்துக்கு ஒன்பதில் அந்தக் கனம் இருக்க வேண்டும், மீதியிலும் அதன் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

இதில் எல்லோரும் கோட்டை விடுவது விளிம்பில். எப்பாக்ஸி காயும்போது கூர்மையான விளிம்பை விட்டு இழுத்துக்கொள்ளும். தகட்டில் 320 இருந்தாலும் விளிம்பில் 100 கூட நிற்காது. அதனால்தான் வெல்டு ஓரம், நீர் வடியும் துளை, விளிம்பு ஆகியவற்றுக்கு ஸ்ப்ரேக்கு முன்னால் தனியாகப் பிரஷ்ஷால் பட்டை அடிக்கச் சொல்கிறார்கள். அவசரத்தில் அந்தப் பட்டையைத் தவிர்த்துவிட்டால் துளைக்குள் பெயிண்ட் சரியாகப் போகாது. ஐந்தாறு வருடம் கழித்துத் தொட்டிக்குள் இறங்கிப் பார்த்தால், துரு சொல்லிவைத்தாற்போல அந்தத் துளையைச் சுற்றித்தான் இருக்கும்.

டீக்குக் காசு எடுப்பதற்குள் அவர் கொடுத்துவிட்டார். "ஊருக்கு வந்தவங்க குடுக்கக் கூடாது" என்றார்.

இரவு வெள்ளைப் பணியாரம், தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். தட்டு 60 ரூபாய். ஓரம் முறுகாமல், நடுவில் பஞ்சு மாதிரி. இரண்டாவது தட்டும் வாங்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 6, வெள்ளி – கானாடுகாத்தான், ஆத்தங்குடி

கானாடுகாத்தானில் ஒரு வீட்டைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். பர்மாத் தேக்குத் தூண்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். வேர் விட்ட இடம் ஐராவதி ஆற்றங்கரைக் காடு, வந்து நின்ற இடம் தண்ணீருக்குத் தவிக்கும் இந்தச் சீமை. நடுவில் இருந்தது வங்காள விரிகுடா. கட்டையாகவும் தூணாகவும் கப்பலில் வந்து, இறங்கிய துறையிலிருந்து மாட்டுவண்டியில் ஊர் சேர்ந்தது. வீட்டுக்கார ஆச்சிக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "எங்க மாமனார் மலேயாவுக்கு ரஜூலாவுலதான் போவாக. நாகப்பட்டினத்துல ஏறணும்" என்றார். அந்தக் கப்பல் 1926-ல் கிளாஸ்கோவில் கட்டியது. 1973 வரை இந்தத் தடத்தில் ஓடியது. ஒரு கப்பல் வெப்பக்கடலில் அத்தனை காலம் உழைத்தது அன்றைக்குக் கனத்த தகடு போட்டதால். அரிப்புக்கென்றே கூடுதல் கனம் விட்டுக் கட்டினார்கள். இன்றைக்கு எடையைக் குறைக்க உறுதி கூடிய எஃகை மெல்லிசாகப் போடுகிறார்கள். தேய்வதற்கென்று விட்டுவைக்கும் இரும்பு குறைந்துவிட்டது, பூச்சின் பொறுப்பு கூடிவிட்டது.

மதியம் அங்கேயே கவுனி அரிசி. இதுவும் பர்மாவிலிருந்து வந்த சரக்குதான். இரவு ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க தம்பி, வெயில்ல அலையிறீக" என்று கரண்டியோடு நின்றார் ஆச்சி.

ஆத்தங்குடியில் கல் பதிக்கும் கொட்டகைகள். கண்ணாடி மேல் இரும்புச் சட்டம் வைத்து, சாயச் சிமெண்டை ஊற்றி, மேலே மணல் சிமெண்டு தூவி அமுக்கிக் கவிழ்க்கிறார்கள். சுடுவதில்லை, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, காய்ந்துதான் உறுதிப்படுகிறது. பத்து அங்குலக் கல் ஒன்று கிட்டத்தட்ட 3 கிலோ. வெளிநாட்டுக்கும் போகிறது.

இங்கே கன்டெய்னர் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இருபது அடிப் பெட்டியின் கொள்ளளவு 33 கன மீட்டர். உச்ச மொத்த எடை 30.48 டன், அதில் பெட்டியே 2.3 டன்னுக்குப் பக்கம். கல்லை ஏற்றினால் 13 கன மீட்டர்கூட நிறையாது, எடை வரம்பு வந்துவிடும். பெட்டி பாதிக்கு மேல் காலி. அந்தக் காலியிடத்தில் கட்டை வைத்து முட்டுக் கொடுக்காவிட்டால், அலையில் கப்பல் சாயும்போது மொத்தக் கல்லும் ஒரு பக்கம் தள்ளும். எடையை நடுவில் குவிக்காமல் தரை நீளத்துக்குப் பரப்ப வேண்டும். 2016 ஜூலை 1-லிருந்து எடை போட்டுச் சான்று கொடுக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. ஏனென்றால் பெட்டிகளை எங்கே எத்தனை அடுக்கு வைப்பது என்று முடிவு செய்வது கணினி. அதற்குக் கொடுத்த எடை பொய்யானால் அடுக்கும் பொய், கப்பலின் சமநிலையும் பொய். 2025 மே 25-ல் கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது அதில் இருந்தவை 640 பெட்டிகள். அவற்றிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் குருணையைக் கேரளக் கரையில் வாரி அள்ளினார்கள்.

இன்னொன்று ஈரம். முழுதாகக் காயாத கல்லைப் பெட்டியில் அடைத்தால், பகல் சூட்டில் ஈரம் மேலே எழும், இரவில் கூரைத் தகட்டில் குளிர்ந்து சொட்டும். அந்தச் சொட்டில் கல்லின் உப்பு வெள்ளையாகப் பூக்கும், சாயம் திட்டுத்திட்டாகும். ஈரத்தை உறிஞ்சக் கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிட வேண்டும். மரப்பலகையும் வெப்பமூட்டிப் பதப்படுத்தியதாக, முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பலகைக்காகவே சரக்கைத் திருப்பி அனுப்பும் துறைமுகங்கள் உண்டு. கொட்டகையில் கல் அடுக்கிக்கொண்டிருந்த அண்ணன், "அதெல்லாம் தூத்துக்குடி ஏஜெண்டு பாத்துக்குவாரு" என்றார். பார்ப்பார், ஆனால் முட்டுக் கொடுப்பது இங்கே, இந்தக் கொட்டகை வாசலில் நடக்கிற வேலை.

பிப்ரவரி 7, சனி – காரைக்குடி, தேவகோட்டை

விடிகாலையில் லாட்ஜ் குளியலறைத் தரை முழுக்கத் தண்ணீர். சுவரில் மாட்டியிருந்த 25 லிட்டர் ஹீட்டரின் அடிப்பகுதி ஒழுகுகிறது. ரூம் பையன் வாளியும் துடைப்பமுமாக ஓடிவந்தான். "பக்கத்து ரூம்ல குளிச்சுக்கங்க சார், கோவிச்சுக்காதீங்க." எட்டு மணிக்கு மெக்கானிக் வந்து அடிமூடியைக் கழற்றி ஒரு கம்பியை உருவிக் காட்டினார். விரல் தண்டி மக்னீசியம் தண்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் நடுக்கம்பி மட்டும், அதில் வெள்ளைச் சுண்ணாம்பாக இரண்டு கட்டி. புதுத் தண்டு 450 ரூபாய். "இத மாத்தவே மாட்டாங்க சார். இது கரைஞ்சு தீந்தா அப்புறம் டேங்குதான் கரையும்."

கப்பலின் அடியில் பற்றவைத்திருக்கும் ஜிங்க் கட்டிகளுக்கும் இதே வேலைதான். கடல்நீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் மின்னழுத்தத்தில் கீழே இருப்பது கரையும், மற்றது பிழைக்கும். வெள்ளி–வெள்ளி குளோரைடு அளவுமுனைக்கு (ஒப்பிட்டு அளக்கத் தண்ணீரில் வைக்கும் முனை) எதிராகப் பார்த்தால் பூசாத எஃகு −0.60 முதல் −0.65 வோல்ட்டில் நிற்கும். அதை −0.80-க்குக் கீழே இழுத்துவிட்டால் துரு நின்றுவிடும். −1.10-ஐத் தாண்டி இழுத்தாலும் ஆபத்து: எஃகின் மேல் ஹைட்ரஜன் வெளிப்பட்டுப் பெயிண்ட்டைக் கிளப்பும், உறுதி கூடிய எஃகை நொறுங்க வைக்கும். மக்னீசியத்தைக் கடல்நீரில் கட்டக் கூடாது என்பது இதனால்தான். அது நல்ல தண்ணீருக்கு, ஹீட்டருக்கு.

எத்தனை கிலோ வேண்டும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். ஒரு எஃகு விசைப்படகின் நனையும் பரப்பு 150 சதுர மீட்டர் என்று வைப்போம். பூச்சு ஓரளவு நன்றாக இருந்தால் சதுர மீட்டருக்கு 15 மில்லி ஆம்பியர், மொத்தம் 2.25 ஆம்பியர். வருடத்துக்கு 8,760 மணி நேரம், ஆகவே 19,710 ஆம்பியர்–மணி. ஒரு கிலோ ஜிங்க் 780 ஆம்பியர்–மணி கொடுக்கும்; கட்டியில் 85 சதவீதம்தான் பயன்படும். வருடத்துக்கு 30 கிலோ. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றினால் 60 கிலோ. அலுமினியம்–ஜிங்க்–இண்டியம் கட்டியானால் கிலோவுக்கு 2,500 ஆம்பியர்–மணி. அதே இரண்டு வருடத்துக்கு 19 கிலோ போதும். பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தால் கணக்கு தலைகீழ். வெப்பக்கடலில் வெற்றிரும்புக்கு மேல்மட்டத் தண்ணீரில் தொடக்கத்தில் சதுர மீட்டருக்கு 150 மில்லி ஆம்பியர் வரை கேட்கும்.

பெரிய கப்பல்களில் கட்டிக்குப் பதில், உலோக ஆக்சைடு பூசிய டைட்டானியம் முனைகள் வழியாக மின்சாரத்தையே அளந்து விடுகிறார்கள். அளவுமுனை காட்டும் வோல்ட்டைப் பார்த்துக் கருவி தானே கூட்டும், குறைக்கும். கப்பலின் தினசரிப் பதிவில் இந்த ஆம்பியர் ஏறிக்கொண்டே போனால் எங்கேயோ பெயிண்ட் போகிறது என்று கரையிலிருந்தே சொல்லிவிடலாம். இதில் அடிக்கடி கோளாறாவது சுழல்தண்டின் பிரஷ். புரொப்பல்லர் வெண்கலம், தண்டு பேரிங்கில் எண்ணெய்ப் படலத்தின் மேல் சுற்றுவதால் உடலோடு மின்தொடர்பு அறும். வெள்ளி–கிராஃபைட் பிரஷ் வைத்து அதை உடலோடு சேர்க்க வேண்டும். இடையில் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிரஷ்ஷைத் துடைக்க வேண்டும். விட்டால் பேரிங்கில் பொறி பாய்ந்து குழி விழும்.

தேவகோட்டை பஸ்ஸில் பக்கத்தில் வந்தவர் சிங்கப்பூர் ஷிப்யார்டில் வெல்டர், விடுமுறைக்கு வந்திருக்கிறார். சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையில் வீதிக்கு வீதி இப்படி ஒருவர் இருப்பார். பை நிறையச் சீப்புச் சீடை. மடியில் பிரித்து வைத்து, "எடுங்கண்ணே" என்றார்.

"வெல்டிங் எல்லாம் ரோபோ வந்திருச்சாமே?"

"நீட்டத் தகட்டுக்கு வந்திருச்சுண்ணே. பிளாக்குக்குள்ள குனிஞ்சு படுத்து அடிக்கிற இடத்துக்கு நாங்கதான். 6ஜி, அதான் சாய்ச்சு வச்ச பைப்பச் சுத்தி வெல்டு வைக்கிற டெஸ்ட்டு, அது பாஸ் பண்ணவன் வேணும்." சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "எங்களுக்கும் பெயிண்டருக்கும்தாண்ணே தெனம் சண்டை. வெளிய ஒரு பைப் கிளிப் மறந்து போயிரும். பெயிண்ட் அடிச்ச பெறகு நான் போய் வெல்டு வைப்பேன். உள்பக்கம் டேங்க்ல கருகிப் போயிருக்கும். உள்ள எறங்கிப் பாக்க யாருமில்ல."

கப்பல் கட்டுவதில் கணினி என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. கப்பலைப் பெரிய பெரிய பிளாக்குகளாகக் கட்டி, குழாய், கேபிள் தாங்கி எல்லாம் வைத்து முடித்து, பெயிண்ட் அடித்து, பிறகு கிரேனில் தூக்கிச் சேர்க்கிறார்கள். பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை பிளாக்கில் மூன்று மணி நேரம், கப்பலுக்குள் எட்டு மணி நேரம் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் கணக்கு. ஒவ்வொரு கிளிப்பும் முப்பரிமாண வரைபடத்தில் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டால், பெயிண்ட் அடித்தபின் நெருப்பு வைக்கும் வேலை இருக்காது. வரைபடம் முடியாமலே தகட்டை வெட்ட ஆரம்பிக்கும் தளங்களில் அந்த எட்டு மணி நேரமும் கருகிய தொட்டியும் மிச்சம்.

உலகில் கட்டும் கப்பல்களில் 90 சதவீதத்துக்கு மேல் சீனா, தென்கொரியா, ஜப்பான். நம் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தூத்துக்குடியில் புதுத்தளம் என்ற பேச்சும் வந்துவிட்டது. அங்கே முதலில் வர வேண்டியது ஈரம் நீக்கும் கருவியோடு மூடிய பெயிண்ட் கொட்டகையும், உப்பு அளக்கத் தெரிந்த ஆட்களும். தூத்துக்குடிக் காற்றில் காலையில் வெளுத்த தகட்டில் சாயங்காலத்துக்குள் உப்புப் படியும். ஒட்டுப்பட்டையில் தண்ணீர் செலுத்தி, அதன் மின்கடத்தலை அளந்து பார்க்கும் சோதனைக்குப் பத்து நிமிடம்தான் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு எத்தனை ஆயிரம் கோடி போட்டாலும் கப்பல் முதல் டிரை டாக்கிலேயே, தண்ணீரை வடித்து அடியைப் பார்க்கும்போதே, காட்டிக்கொடுத்துவிடும்.

தேவகோட்டையில் மதியச் சாப்பாடு 130 ரூபாய். கோழிரசம் இரண்டு முறை கேட்டோம், முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள். வெயில் கொளுத்தியது; காலைப் பனியை நம்பிக் குடை எடுக்காமல் போனது மதியம் உறைத்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு – தொண்டி

தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டி. வழியில் ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து பஸ் அரைமணி நேரம் கருவேலங்காட்டுக்குள் நின்றது. எதிர் வீட்டம்மா குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்தார், ஓட்டுநருக்கு மோரும்.

தொண்டி பழைய துறை. பாக் நீரிணை ஆழம் குறைந்தது. பெரிய கப்பல் இங்கே அண்டாது, இலங்கையைச் சுற்றித்தான் போகும். கரையில் பைபர் வள்ளங்கள், கொஞ்சம் தள்ளி எஃகு விசைப்படகுகள். வள்ளம் ஒன்றைக் கரையேற்றிக் கவிழ்த்திருந்தார்கள். அடி முழுக்கக் கொட்டலசு, அதாவது ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர், நகக்கண் அளவு. இரண்டு பேர் உளியால் சுரண்ட, சரசரவென்று உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் வட்டமாக வெள்ளைத் தடம். அதன் ஓரத்தை நகத்தால் நெருடினால் ஜெல்கோட் என்ற பைபரின் மேற்பூச்சுக்குள் கொஞ்சம் இறங்கியிருந்தது தெரிந்தது. அந்தத் தடம் விட்டால் அடுத்த கூட்டம் அங்கேதான் முதலில் ஒட்டும். மணல்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

இது எண்ணெயாக எவ்வளவு என்பதை 2007-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் வகை ஒன்றை வைத்துக் கணக்கிட்டார்கள். அடியில் சுண்ணாம்பு ஓட்டுயிர்கள் அடர்ந்து ஒட்டினால், 15 நாட் (மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர்) வேகத்தில் 86 சதவீதம் வரை கூடுதல் திறன் வேண்டும். வெறும் வழவழப்பான பாசிப்படலமே கணிசமாகத் தின்னும். எந்தப் புது எரிபொருளும் இந்த இழப்பை ஈடுகட்டாது.

முன்பு டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மப் பூச்சு இருந்தது. எதையும் ஒட்டவிடாது, ஆனால் கடலில் கரைந்து சிப்பி, சங்கு இனங்களையே சிதைத்தது. உலக ஒப்பந்தப்படி 2008 செப்டம்பர் 17 முதல் தடை. இப்போது இரண்டு வழி. ஒன்று, செப்பு ஆக்சைடு கலந்து, ஓடஓடத் தேய்ந்து புது முகம் காட்டும் பூச்சு. இன்னொன்று சிலிகான்: விஷம் இல்லை, ஒட்டினதைப் பிடிக்க விடாது, வேகத்தில் உதிர்த்துவிடும். வெப்பத் துறைமுகத்தில் வாரக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடக்கும் கப்பலுக்குச் சிலிகான் மட்டும் கை கொடுக்காது. அங்கே ஆட்கள் முங்கித் துடைக்கிறார்கள், அல்லது காந்தச் சக்கர ரோபோ ஊர்ந்து துடைக்கிறது. கடினமான பிரஷ் போட்டால் பூச்சே போய்விடும். உதிர்ந்ததை உறிஞ்சிப் பிடிக்காமல் துடைக்கப் பல துறைமுகங்கள் விடுவதில்லை. அலுமினிய உடலுக்குச் செப்புப் பூச்சு ஆகவே ஆகாது, உடல் குழிவிழும்.

விசைப்படகு முதலாளி ஒருவர் கயிற்றுச் சுருள் மேல் உட்கார இடம் கொடுத்தார். வாழையிலையில் நெத்திலி வறுவல் வந்தது; காசு வாங்க மறுத்துவிட்டார்.

"மெத்தனால்ல கப்பல் ஓடுதாமே சார்?"

ஓடுகிறது. 2023-ல் லாரா மெர்ஸ்க் என்ற கன்டெய்னர் கப்பல் வந்தது, பிறகு பெரியவையும் வந்துவிட்டன. ஆனால் ஒரு கிலோ மெத்தனாலில் 19.9 மெகாஜூல்; டீசலில் 42.7. அதே தூரத்துக்குத் தொட்டி இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். அந்தத் தொட்டிக்கு ஜிங்க் சிலிக்கேட் பூச்சு வேண்டும், அதில் குளோரைடு சேரக் கூடாது. அம்மோனியாவில் கரி இல்லை; ஆனால் விஷம், −33 டிகிரியிலோ அழுத்தத்திலோ வைக்க வேண்டும், பித்தளையில் விரிசல் விழவைக்கும்; எஃகிலும் விரிசல் விழாமல் இருக்க அதில் 0.2 சதவீதம் தண்ணீர் கலக்க வேண்டும். புது எரிபொருள் எது வந்தாலும் துருக்காரனுக்கு வேலை கூடும். மின்கலம் குறுந்தூரத்துக்கு நன்றாகவே ஆகிறது. கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகள் ஓடுகின்றன. நார்வேயில் யாரா பிர்க்லாண்ட் 120 பெட்டி ஏற்றிக்கொண்டு 7 மெகாவாட்–மணிக்குக் கொஞ்சம் குறைந்த மின்கலத்தில் போகிறது. ஆனால் 20 மெகாவாட் எஞ்சின் இருபது நாள் ஓடினால் 9,600 மெகாவாட்–மணி. அதைச் சுமக்கும் மின்கலம் இல்லை.

விதிகளும் முழுதாக முடிவாகவில்லை. கரியுமிழ்வுக்கு விலை வைக்கும் ஐ.எம்.ஓ. திட்டத்தின் மேல் வாக்கெடுப்பை 2025 அக்டோபரில் ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். ஐரோப்பா காத்திருக்கவில்லை. அங்கே போகும் பெரிய கப்பல்கள் 2026-ன் உமிழ்விலிருந்து, விதிக்குள் வரும் பங்கு முழுவதற்கும் கட்ட வேண்டும். 2023-லிருந்து ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் கரியுமிழ்வைப் பொறுத்து ஏ முதல் இ (A–E) வரை தரமும் உண்டு. கொட்டலசு ஏறினால் தரம் இறங்கும்.

"அப்ப நம்ம படகுக்கு?"

வேகம். தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக ஏறும். எட்டு நாட் போகும் படகை ஏழில் ஓட்டினால் திறன் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதே தூரத்துக்கு டீசல் 23 சதவீதம் மிச்சம். அவர் மகன் சிரித்தார். விலைக்கு முந்துகிறவன் அந்த ஏழு நாட்டில் வருவானா என்பது அந்தச் சிரிப்பு. நியாயமான கேள்விதான். போகும்போது ஏழு, மீனோடு திரும்பும்போது எட்டு என்று வைத்தாலும் அந்த மிச்சத்தில் பாதி கிடைக்கும்.

படகு எலெக்ட்ரீசியனிடம் மல்டிமீட்டர் இருந்தது. புதுசாக வாங்கி வைத்த ஜிங்க் கட்டி ஒன்றை வயரில் கட்டி, உடலில் படாமல் தண்ணீரில் இறக்கினோம். மீட்டரின் கறுப்பு வயர் ஜிங்க்கில், சிவப்பு படகின் வெற்றிரும்பில். எஃகு காப்பாற்றப்பட்டிருந்தால் 0.25 வோல்ட் அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். முன்பக்கம் 0.24. நடுவில் 0.29. பின்பக்கம், புரொப்பல்லருக்கு அருகே, 0.38. வெண்கலம் பக்கத்தில் இருப்பதால் அதிகம் கேட்பது அங்கே. கட்டி தீர்ந்ததும் அங்கேதான்.

"போன வருஷம்தானே புதுக்கட்டி வச்சோம்?" என்று முதலாளி மகனைப் பார்த்தார்.

"வச்சோம்பா. பெயிண்ட் அடிச்ச ஆளு அதும் மேலயும் சேத்து அடிச்சுட்டான். நல்லாப் பளபளன்னு இருந்துச்சு."

பெயிண்ட் மூடிய கட்டி கரையாது, கரையாவிட்டால் காக்காது. பின்பக்கத்தில் தீர்ந்தவை, மூடாமல் தப்பிய ஒன்றிரண்டாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு எப்படியும் கரையேறும். பின்பக்கத்துக் கட்டிகளை அலுமினியமாக மாற்றுவது, பற்றவைத்தபின் ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டிவிட்டுப் பெயிண்டரைக் கூப்பிடுவது, இறக்குவதற்கு முன் டேப்பை உரித்து எண்ணிப் பார்ப்பது என்று மகன் கைபேசியில் குறித்துக்கொண்டார். எலெக்ட்ரீசியன் பக்கத்துப் படகில் ஏறி, அதிலும் மீட்டரை வைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அங்கே 0.41.